கயிறு மாறிய பின்: நரி–பரிக் கதையில் கொட்டிற் குற்றமும் குதிரையின் விலைமதிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இடம்பெறும் நரி பரியாக்கிய படலமும் பரி நரியாக்கிய படலமும் இதுகாறும் இருவகையில் வாசிக்கப்பட்டுள்ளன. அடியாரின் பொருட்டு இறைவன் நிகழ்த்திய அருட்செயல் என்பது ஒன்று. பாண்டிய நாட்டுக் குதிரை இறக்குமதிக்கான இலக்கியச் சான்று என்பது மற்றொன்று. இவ்விரு வாசிப்புகளிலும் கதையின் திருப்பம் நிகழும் இடமாகிய குதிரைக்கொட்டில் கவனம் பெறவில்லை. குதிரையின் மதிப்பு திடலில் நிறுவப்பட்டுக் கொட்டிலில் குலைகிறது என்பதும், குலைவுக்கான பொறுப்பு கொட்டிலைத் தவிர மற்ற எல்லாரிடத்தும் தேடப்படுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. மதுரைக்காஞ்சி, அர்த்தசாஸ்திரம், மார்க்கோ போலோ, வாசாஃப் ஆகிய சான்றுகளும் இன்றைய விலங்கு நடத்தையியல் முடிவுகளும் இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

குறிச்சொற்கள்: திருவிளையாடற் புராணம், குதிரை வாணிகம், கொட்டிற் குற்றம், கயிறு மாறுதல், விலைமதிப்பு, பராமரிப்பு.

முன்னுரை

குதிரையின் குற்றம் இருவகைப்படும். வாங்கும் நாளிலேயே கண்ணுக்குத் தெரிவது ஒன்று. நொண்டுதல், கண்பார்வைக் குறை, பல்லால் அறியப்படும் முதுமை, விரும்பத்தகாத சுழி ஆகியன அத்தகையவை. கட்டி வைத்துச் சில நாள் கழிந்த பின்னரே தெரிவது மற்றொன்று. தீனித்தொட்டியின் விளிம்பைப் பல்லால் கவ்விக் காற்றை உள்ளிழுத்தல், நின்ற இடத்திலேயே தலையையும் கழுத்தையும் இருபுறமும் ஓயாது அசைத்தல், கொட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி நடத்தல், சுவரை உதைத்தல் முதலியன இவ்வகையின. குதிரை வளர்ப்போர் நெடுங்காலமாக இவற்றைத் தீய பழக்கங்கள் என்றே வகைப்படுத்தி வந்துள்ளனர். இக்கட்டுரை இவற்றைக் ‘கொட்டிற் குற்றம்’ என்னும் தொடரால் குறிக்கிறது.

முதல்வகைக் குற்றத்தைப் பற்றித் தமிழிலும் வடமொழியிலும் விரிவான இலக்கண மரபு உண்டு. நிறம், சுழி, உறுப்பமைதி, ஐவகைக் கதி ஆகியவற்றைக் கொண்டு குதிரையை மதிப்பிடும் அம்மரபு புராண ஆசிரியர்களின் கையில் வருணனைப் பொருளாகவும் ஆயிற்று. இரண்டாம் வகைக் குற்றமோ இலக்கண நூலின் எல்லைக்குள் எளிதில் அடங்குவதில்லை. அது உடலில் எழுதப்பட்ட அடையாளம் அன்று. இருப்பிடத்தோடு பிணைந்த நடத்தை. இந்த வேறுபாட்டை மனத்துட்கொண்டு நரி–பரிக் கதையை மீண்டும் வாசிக்கும்போது, விலையும் பராமரிப்பும் பற்றிய ஒரு சிக்கல் அக்கதைக்குள் இருப்பது புலனாகிறது.

கதையின் அமைப்பும் அதன் மூன்று களங்களும்

நரிகள் குதிரைகளாக்கப்பட்ட செய்தி பரஞ்சோதி முனிவருக்கு நெடுங்காலம் முற்பட்டது. அப்பர் தேவாரத்திலும் திருவாசகத்திலும் அதற்குக் குறிப்புகள் உள்ளன. பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவாலவாயுடையார் திருவிளையாடற் புராணமும், கடவுள் மாமுனிவரின் திருவாதவூரடிகள் புராணமும் அதனைக் கதையாக விரித்தன. பரஞ்சோதியின் நூலில் அது திருவாலவாய்க் காண்டத்தில் 59, 60ஆம் படலங்களாக அமைந்துள்ளது.

அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்குமாறு அளித்த பொருளை அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கித் தாமே குதிரை வாணிகராக மதுரைக்கு வருகிறார். குதிரைகளின் இலக்கணமும் கதியும் அரசன்முன் காட்டப்படுகின்றன. வாணிக வழக்கப்படி கயிறு மாற்றிக் குதிரைகள் ஒப்படைக்கப்படுகின்றன. அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகிக் கொட்டிலில் முன்பே இருந்த குதிரைகளைக் கடித்துக் குதறி ஓடிவிடுகின்றன. அரசன் கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்டு வாதவூரரை ஒறுக்கிறான்.

இக்கதை மூன்று களங்களில் நிகழ்கிறது. முதலாவது, குதிரைகள் காட்சிக்கு நிறுத்தப்படும் திடல். இரண்டாவது, கயிறு கைமாறும் தருணம். மூன்றாவது, இரவுக் கொட்டில். புலவரின் வருணனைத் திறன் பெரிதும் முதற்களத்தில் செலவிடப்படுகிறது. உரையாசிரியர்களின் விளக்கமும் அங்கேயே மிகுதி. ஆயினும் கதையின் விளைவு முழுவதும் மூன்றாம் களத்தில் தோன்றுகிறது. திடலில் குறையேதும் காணப்படவில்லை. அரசனும் குதிரை நூல் அறிந்தவர்களும் பார்த்து மகிழ்ந்த குதிரைகளே அவை. இலக்கணத்தின்படி அவை குற்றமற்றவை. இலக்கணம் பொய்த்தது என்று புராணம் வெளிப்படக் கூறவில்லை; எனினும் இலக்கணம் காண இயலாத ஒன்று உண்டு என்பதைக் கதையின் போக்கு உணர்த்துகிறது. அதனைக் காண ஓர் இரவும் ஒரு கொட்டிலும் தேவைப்பட்டன.

இங்கு ஒரு வரையறை இன்றியமையாதது. நரிகள் குதிரைகளைக் கடித்தலும், குதிரை தொட்டியைக் கடித்தலும் ஒன்றல்ல. முன்னது புராண நிகழ்வு. பின்னது விலங்கின் நடத்தை. இரண்டையும் ஒன்றாக்குவது இவ்வாசிப்பின் நோக்கமன்று. குற்றம் வெளிப்படும் இடம், வெளிப்படும் காலம், அதன் பொறுப்பு யார்மேல் ஏற்றப்படுகிறது என்னும் மூன்று கூறுகளிலேயே ஒப்புமை காணப்படுகிறது. கொட்டிலில் கட்டுண்டவை குதிரையின் வடிவும் வேறோர் இயல்பும் கொண்ட விலங்குகள். குதிரைக்குரியதெனக் கருதப்பட்ட உணவும் கட்டுத்தறியும் அவற்றின் இயல்புக்குப் பொருந்தாதவை. இயல்புக்கும் இருப்பிடத்துக்கும் இடையிலுள்ள இப்பொருந்தாமையே கொட்டிற் குற்றம் பற்றிய இன்றைய ஆய்வின் மையமும் ஆகும்.

கயிறு மாறுதலும் இழப்பின் சுமையும்

கயிறு மாறுதல் என்பது உடைமை மாற்றத்தின் புறக்குறி. அதுவரை விற்பவன் பொறுப்பு. அதன்பின் வாங்கியவன் பொறுப்பு. நரி–பரிக் கதையில் வணிகர் சென்றபின் அவரைத் தேடிப் பிடிக்க அரசன் முனையாமல் இடைநின்ற அமைச்சரையே பிடிப்பது இவ்வழக்கின் வலிமையைக் காட்டுகிறது.

இவ்வழக்கு வெறும் கற்பனை அன்று என்பதற்குப் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாஃபின் குறிப்பு துணை செய்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் எழுதிய அவர், கீஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1400 குதிரைகள் பாண்டிய நாட்டுக்கு அனுப்பப்பட வேண்டும் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் உடன்பாடு இருந்ததைப் பதிவு செய்கிறார். கடல்வழியில் குதிரை காயமுற்றாலோ இறந்தாலோ அதன் விலையும் அரச கருவூலத்திலிருந்தே கொடுக்கப்பட வேண்டும் என்பது அவ்வுடன்பாட்டின் நிபந்தனை. கயிறு கைமாறும் முன்னரே இழப்பின் சுமை வாங்குவோர்மேல் ஏறிவிட்ட நிலை இது. விற்பவருக்கு எவ்விதப் பொறுப்பும் இல்லாத சந்தையில் குற்றத்துக்கான விளக்கம் விலங்கின்மேலோ இடையாளர்மேலோ விழுவது இயல்பு.

இதற்கு மாறான மரபும் இந்தியச் சூழலில் உண்டு. விற்றதையும் வாங்கியதையும் மீட்பது குறித்துப் பேசும் அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணம், நாற்கால் விலங்குகளைத் திருப்பிக் கொடுக்க மூன்று பக்கக் காலம், அதாவது 45 நாள் தருகிறது. அக்கால அளவுக்குள் விலங்கின் நன்மை தீமைகளை அறிய இயலும் என்பதே அதற்கு அந்நூல் கூறும் காரணம். விலங்கின் குணம் விற்பனை நாளில் முழுமையாக வெளிப்படாது என்னும் தெளிவு இவ்விதியில் உள்ளது. நரி–பரிக் கதையின் அரசனுக்கு அத்தகைய தவணை இல்லை. ஓர் இரவிலேயே குற்றம் வெளிப்பட்டும் மீட்க வழியின்றி அவன் நிற்கிறான்.

மதுரையின் இரு கொட்டில்கள்

கொட்டிலைத் தமிழ் இலக்கியம் அறியாததன்று. ‘பணை’ என்னும் சொல் குதிரை நிற்கும் இடத்தைக் குறிக்கச் சங்க இலக்கியத்தில் வழங்குகிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, வைகறைப் பொழுதின் ஒலிகளைத் தொகுக்கும்போது பணையில் நிற்கும் குதிரைகள் புல்லுணவை அசைப்பதையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. இருள் நீங்கும் வேளையில் குதிரையின் வாயில் புல் இருக்கிறது. இது சிறிய காட்சி. ஆயினும் பராமரிப்பு நோக்கில் முதன்மையானது.

இதே மதுரையின் கொட்டில் நரி–பரிக் கதையில் வேறு விதமாக விடிகிறது. காவலர் காண்பது புல்லசைக்கும் குதிரைகளை அன்று. கடியுண்டு கிடக்கும் குதிரைகளை. இரு காட்சிகளுக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளியும் இலக்கிய வகை வேறுபாடும் உள்ளன. எனவே ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆனால் இவ்விடைவெளியில் குதிரை வாணிகம் பெருகியதையும் கொட்டிலின் நிலை பற்றிய குறை பதிவானதையும் வரலாற்றுச் சான்றுகள் காட்டுகின்றன.

மார்க்கோ போலோ, பாண்டிய மரபினருள் ஓர் அரசன் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகள் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100 கூட எஞ்சுவதில்லை என்றும், பேணும் முறை அறியாமையே இதற்குக் காரணம் என்றும் எழுதுகிறார். குதிரை மருத்துவர் எவரும் அந்நாட்டுக்குச் செல்லாதவாறு வணிகர்கள் தடுத்தனர் என்பதும் அவர் கூற்று. வாசாஃப் கொட்டிலையே நேராகச் சுட்டுகிறார். வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் சேர்த்த தானியமும் தீனியாகத் தரப்பட்டன. காய்ச்சிய பசும்பால் குடிக்கத் தரப்பட்டது. கொழுக்க வேண்டும் என்பதற்காகக் கயிற்றாலும் முளையாலும் 40 நாள் கொட்டிலில் கட்டி வைக்கப்பட்டன. பின்னர்ப் பயிற்சியின்றி ஏறி விரட்டப்பட்டன. வலிமையும் விரைவும் உடைய குதிரைகள் குறுகிய காலத்தில் மந்தமாகிப் பயனற்றுப் போயின என்பது அவர் தரும் செய்தி.

இவ்விரு பதிவுகளையும் அப்படியே ஏற்பதற்கில்லை. போலோவின் எண்கள் மிகைப்படுத்தப்பட்டவையாக இருக்கக்கூடும். வாசாஃபின் குரலில் தம் நாட்டுக் குதிரையின்மேல் உள்ள பெருமிதமும் அயலார் அறியாமை பற்றிய எள்ளலும் கலந்துள்ளன. ஆயினும் வாசாஃப் குறிப்பிடும் கூறுகள் ஆய்வுக்குரியன. நெடுநாள் கட்டி வைத்தல், இயக்கமின்மை, செறிவூட்டிய தீனி ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்த கொட்டிலை அவர் வருணிக்கிறார். தீனிப் பட்டியலில் புல் இடம்பெறவில்லை. மதுரைக்காஞ்சியின் பணையில் முதலில் தென்பட்டதோ புல்லே.

குற்றமா, கொட்டிலின் பதிவா?

வாசாஃப் கண்ட இம்மூன்று கூறுகளும் இன்றைய விலங்கு நடத்தையியல் கொட்டிற் குற்றத்துக்குக் கூறும் காரணங்களோடு நெருங்கி வருகின்றன. குதிரை ஒரு நாளின் பெரும்பகுதியை, ஏறத்தாழ 16 மணி நேரம் வரை, மேய்ச்சலில் கழிக்கும் விலங்கு. அதன் இரைப்பை இடைவிடாது அமிலம் சுரக்கிறது. அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போதே மிகுதியாகச் சுரக்கிறது. நார்த்தீனி குறைந்து தானியம் மிகும்போது மெல்லும் நேரம் குறைகிறது. 1995இல் வெளியான பால் மெக்ரீவி குழுவினரின் பந்தயக் குதிரை ஆய்வு, நாளொன்றுக்கு 6.8 கிலோகிராமுக்குக் குறைவான நார்த்தீனி, வைக்கோல் அல்லாத படுக்கை, பிற குதிரைகளோடு தொடர்பு குறைந்த கொட்டில் அமைப்பு ஆகியவை இயல்புமீறிய நடத்தை மிகுதலோடு தொடர்புடையவை எனக் கண்டது. 2002இல் கிறிஸ்டின் நிக்கோல் உள்ளிட்டோர் இளங்குதிரைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, பால்மறந்த பின் செறிவூட்டிய தீனி பெற்றவற்றில் தொட்டி கடித்தல் நான்கு மடங்கு மிகுந்திருந்தது. தன்னிச்சையாகத் திரியும் குதிரைக் கூட்டங்களில் இந்நடத்தைகள் பதிவாகவில்லை.

இம்முடிவுகள் ‘குற்றம்’ என்னும் சொல்லையே கேள்விக்குள்ளாக்குகின்றன. குற்றம் என்றால் செய்தவருக்கு உரியது. கொட்டிற் குற்றமோ குதிரை அடைபட்டிருந்த சூழலின் பதிவு. ஆயினும் சந்தை அதனைக் குதிரையின் குணமாகவே கணக்கிடுகிறது. 1839ஆம் ஆண்டின் ஸ்கோல்ஃபீல்டு – ராப் என்னும் ஆங்கில வழக்கில், தொட்டி கடித்தல் நோயை விளைவிக்காத நிலையில் உடற்குறை ஆகாது. ஆனால் உடல்நலத்துக்கு ஊறு செய்யும் தீய பழக்கம் என்ற வகையில் குற்றமே என்று கொள்ளப்பட்டது. வாங்குவோரைக் காக்கும் தீர்ப்பு அது. எனினும் அப்பழக்கத்தை உண்டாக்கிய கொட்டில் யாருடையது என்னும் வினாவுக்கு அதில் இடமில்லை.

சந்தையின் கணக்கு முழுவதும் பொய் என்று கூறவும் இயலாது. தொட்டி கடிக்கும் குதிரைக்கு முன்பற்கள் தேய்கின்றன. சிலவகை வயிற்றுவலிக்கான வாய்ப்பு மிகுகிறது. உடல் எடை குறையக்கூடும். விலை குறைவதற்கு மெய்யான காரணம் உண்டு. சிக்கல் அதன்பின் தொடங்குகிறது. விலை குறைந்த குதிரைக்குச் செலவிட உரிமையாளர் தயங்குகிறார். பிற குதிரைகளும் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்னும் அச்சத்தால் அது தனியே கட்டப்படுகிறது. அவ்வாறு கற்கின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை. கழுத்தில் இறுக்கமான பட்டை பூட்டிச் செயலைத் தடுக்கின்றனர். காரணம் அப்படியே இருக்கிறது. தனிமை, குறைந்த தீனி, இயக்கமின்மை ஆகியன குற்றத்தை உண்டாக்கியவை. குற்றத்துக்கு மருந்தாகத் தரப்படுபவையும் அவையே. மதிப்பிழப்பு பராமரிப்பைக் குறைக்க, குறைந்த பராமரிப்பு மதிப்பை மேலும் இழக்கச் செய்கிறது.

அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் அசுவாத்தியட்சனைப் பற்றிய பகுதி இச்சுழலை உடைக்கும் சிந்தனையைக் கொண்டுள்ளது. ஒவ்வொரு குதிரைக்கும் வழவழப்பான பலகை பரப்பிய தரை, தீனிப்பெட்டி, கழிவு வெளியேறும் வழி ஆகியவற்றோடு கூடிய தனியிடம் வேண்டும் என்கிறது அது. கொட்டிலில் குரங்கு, மயில், மான், கீரி, கிளி, நாகணவாய் முதலியன உலவ வேண்டும் என்றும் விதிக்கிறது. சிகிச்சையில் காட்டும் தயக்கத்தால் நோய் முற்றினால் மருத்துவச் செலவின் இருமடங்கு தண்டம். அத்தவற்றால் குதிரைக்குக் கேடு நேர்ந்தால் அதன் விலையே தண்டம். இங்குக் குதிரையின் விலை, அதனைப் பேணியவரின் கடமையை அளக்கும் அளவுகோலாகிறது. நரி–பரிக் கதையில் விலை அமைச்சரிடம் கேட்கப்படுகிறது. அர்த்தசாஸ்திரத்தில் அது கொட்டிலிடம் கேட்கப்படுகிறது.

தொண்டை நாட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

கொட்டிலையும் விற்றவரையும் பொறுப்புக்கு உட்படுத்தும் சிந்தனை இன்று எந்நிலையில் உள்ளது என்பதைக் காணத் தொண்டை நாடு பொருத்தமான களம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் இரு பாட்டுகளிலும் கடல்வழி வந்த குதிரையைக் குறிப்பிடுகிறார். பட்டினப்பாலையில் அது புகாரில் இறங்குகிறது. பெரும்பாணாற்றுப்படையில் இளந்திரையனின் தொண்டை நாட்டு நீர்ப்பெயற்றுத் துறையில் இறங்குகிறது. குதிரையை வெளியிலிருந்து பெற்ற அந்நாட்டின் ஒரு பகுதியாகிய ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதி இன்று உந்து வண்டிகளை உலகுக்கு அனுப்புகிறது. இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்துகளும் ஒரகடத்தில் மகிழுந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகின்றன. அவற்றின் ஆற்றலைக் குறிக்க ‘குதிரைத்திறன்’ என்னும் அளவுச்சொல் இன்றும் வழங்குகிறது.

இவ்வண்டிகளைப் பொறுத்தவரை கயிறு மாறுதலோடு பொறுப்பு முடிவதில்லை. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சேர்த்த 110ஏ பிரிவின்படி, குறையுடைய வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு ஆணையிட ஒன்றிய அரசுக்கு அதிகாரம் உண்டு. ஓட்டத் தொடங்கிய பின் வெளிப்படும் குறை, செய்யப்பட்ட இடத்தை நோக்கித் திரும்புகிறது. எந்த வண்டியும் தன் குறைக்காகப் பழிக்கப்படுவதில்லை. உயிருள்ள குதிரைக்கு இந்நியாயம் வாய்க்கவில்லை. அதன் குறை அது வளர்ந்த கொட்டிலை நோக்கித் திரும்பாமல் அதனுடனேயே அடுத்த கொட்டிலுக்குச் செல்கிறது.

முடிவுரை

நரி–பரிக் கதை இறைவனின் திருவிளையாடலாகவே புனையப்பட்டது. குதிரை வளர்ப்பு நூலாக அன்று. ஆயினும் அது கட்டமைத்துள்ள நிகழ்ச்சி முறை, குதிரை மதிப்பீட்டின் அடிப்படைச் சிக்கலைத் துல்லியமாக வெளிப்படுத்துகிறது. திடலில் கண்ட இலக்கணம் விலையை முடிவு செய்தது. கொட்டிலில் வெளிப்பட்ட இயல்பு அவ்விலையை அழித்தது. அரசன் வணிகரையும் கேட்கவில்லை. தன் கொட்டிலையும் ஆராயவில்லை. இடைநின்ற ஒருவர் வெயிலில் நிறுத்தப்பட்டார்.

மதுரைக்காஞ்சியின் புல்லசைக்கும் குதிரை, வாசாஃபின் 40 நாள் கட்டுண்ட குதிரை, புராணத்தின் ஓரிரவுக் குதிரை ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து நோக்கும்போது கொட்டிலே குதிரையின் மதிப்பை ஆக்குவதும் அழிப்பதும் என்பது பெறப்படுகிறது. தமிழ் இலக்கியத்தில் குதிரை குறித்த ஆய்வுகள் போர், தேர், வாணிகம் என்னும் எல்லைகளுக்குள் பெரிதும் நின்றுள்ளன. பணை, பந்தி, இலாயம், கொட்டில் எனப் பல பெயர்களால் வழங்கிவந்த இருப்பிடத்தையும், அங்குக் குதிரையோடு இரவு கழித்த பாகர், காவலர் ஆகியோரையும் மையமாகக் கொண்ட ஆய்வு இனி மேற்கொள்ளத்தக்கது. பரி நரியானதை முதலில் கண்டவர்கள் அவர்களே.